கைக்கடக்கமான குழந்தைத் தள்ளுவண்டி வாங்குமுன்

ஈப்போ பழைய நகரத்துக் கடைகளின் அஞ்சடி நடைபாதையில், கடைக்குக் கடை தளம் ஏறியும் இறங்கியும் கிடப்பதால், இடுப்பில் குழந்தையும் கையில் வண்டியுமாகத் தாய்மார் படும் சிரமத்தை நித்தமும் காண்கிறோம். ஆகையால், வாங்குமுன் இவற்றைக் கவனியுங்கள்.

1. குழந்தையை இடுப்பில் வைத்தபடியே, ஒற்றைக் கையால் வண்டியை மடக்கித் தூக்கிப் பத்தடி நடந்து பாருங்கள். 7 கிலோவுக்கு மேற்பட்ட பாரம் பேருந்துப் படியில் தோளை வருத்தும்.

2. காரின் பின்பெட்டியை அளந்துகொண்டு கடைக்குச் செல்லுங்கள். சந்தைச் சாமான்களுக்கும் இடம் வேண்டுமல்லவா?

3. சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய ரப்பர்த் தோட்டங்களில் பாட்டி வீடு உள்ளவர்கள், சிறிய பிளாஸ்டிக் சக்கரத்தை நம்பாமல், சற்றே பெரிய ரப்பர்ச் சக்கரத்தைத் தேர்ந்தெடுங்கள். செம்மண் சாலையின் சரளையில் முன்சக்கரம் சட்டென்று சிக்கினால், வண்டி குழந்தையோடு முன்புறம் கவிழக்கூடும். அத்தகைய இடங்களில் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி இழுத்துச் செல்வதே உத்தமம். மழைக்குப் பின் அச்சில் அப்பிய செம்மண்ணை அன்றே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், காய்ந்தால் சக்கரம் இறுகிவிடும்.

4. ஆறு மாதம் நிறையாத சிசுவுக்கு, முதுகுப்பகுதி தட்டையாகச் சாயும் வண்டியையே வாங்குங்கள். கழுத்து நிற்காத குழந்தையின் தலை முன்னே சரிந்தால் சுவாசம் தடைப்படும். விலை மலிவென்று இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

5. தோள், இடுப்பு, தொடையிடை மூன்றையும் பிணைக்கும் வாரைக் கேட்டு வாங்குங்கள்; இடுப்பு வார் மட்டுமெனில் குழந்தை நழுவும்.

6. கைப்பிடியில் பை மாட்டாதீர்கள். குழந்தையைத் தூக்கிய கணமே வண்டி மல்லாந்துவிடும்.

7. வெயிலுக்கென்று துணியால் மூடாதீர்கள். காற்றோட்டமின்றி உள்ளே உஷ்ணம் ஏறும்.