தலைமை ஆசிரியர் நாற்காலிக்குத் தயாராகிறவர்களுக்கு

முதுகலை ஆசிரியராக வேதியியல் நடத்திவிட்டு, பதவி உயர்வில் அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் ஆனவன் நான். இளைய ஆசிரியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, “சார், என்னென்ன டெஸ்ட் பாஸ் பண்ணணும்? பேனல்ல பேரு எப்ப வரும்?” என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். அதோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு என்ன செய்வது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். என் அனுபவம் சொல்வது இதுதான்: அலுவலக வேலையைப் பதவி வருமுன்பே கற்றுக்கொள்ளுங்கள், பதவி வந்தபின் வகுப்பறையை விட்டுவிடாதீர்கள்.

துறைத் தேர்வை முதலில் முடியுங்கள்

பட்டதாரி ஆசிரியர்கள் உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியராகிறார்கள். மேல்நிலைப் பள்ளிக்கு முதுகலை ஆசிரியர்களும் உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களும் வருகிறார்கள். பணிமூப்பு இருந்தாலும் துறைத் தேர்வில் தேறாவிட்டால் பதவி உயர்வு கைநழுவிப் போகும். டி.என்.பி.எஸ்.சி. இத்தேர்வுகளை மே, டிசம்பர் என ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. வேலையில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளிலேயே எழுதி முடித்துவிடுங்கள். விடுப்பு விதி, நிதி விதி, கணக்கு என்று அதில் படிப்பதெல்லாம் பின்னால் நாள்தோறும் கைகொடுக்கும்.

அலுவலக அறையில் உட்காருங்கள்

இளநிலை உதவியாளர் பணியிடம் காலியாக இருக்கும் பள்ளிகள் உண்டு. அங்கே சம்பளப் பட்டியல், பணிப்பதிவேடு, ரொக்கப் பதிவேடு எல்லாம் தலைமை ஆசிரியர் தலையில்தான் விழும். ஆசிரியராக இருக்கும்போதே எமிஸ் என்னும் கல்வித் துறை இணையத் தகவல் பதிவு வேலை, தேர்வுப் பணி, விலையில்லா மிதிவண்டி இருப்புப் பதிவேடு ஆகியவற்றைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். எந்தக் கோப்பு எங்கே போகிறது, எந்தக் கையெழுத்துக்கு யார் பொறுப்பு என்பது அப்போது புரியும்.

அலுவலக வேலையில் நான் யாரிடமும் ஒப்படைக்காத ஒன்று, பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல். நாமினல் ரோல் என்றால்தான் பள்ளிகளில் தெரியும். அதில் இருக்கும் பெயரும் பிறந்த தேதியும்தான் மதிப்பெண் சான்றிதழில் ஏறும். பிறகு கல்லூரி, வேலை, பாஸ்போர்ட் வரை கூடவே வரும். அச்செடுத்த தாளை ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடுத்து, எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்வேன். என் மேசையில் சேர்க்கைப் பதிவேடு ஒரு பக்கம், பிறப்புச் சான்றிதழ் மறுபக்கம் இருக்கும். அப்பா பெயர் ராஜேந்திரன் என்றால் தலைப்பெழுத்து ‘ரா’வா, ‘இரா’வா? ஆங்கிலத்தில் பெயருக்கு எத்தனை ‘ஏ’? எல்லாம் சரிபார்த்தபின் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவேன். இதற்குச் செலவிடும் நேரம், பின்னால் அந்தக் குடும்பம் பெயர்த் திருத்தத்துக்காக அலையாமல் காப்பாற்றும்.

வராத பிள்ளையைத் தேடுங்கள்

காலையில் வருகைப் பதிவு எமிஸ் செயலியில் ஏறியதும் நான் பார்ப்பது, வராதவர்களின் பெயர்களைத்தான். வீட்டுக்குப் போன் செய்வது வகுப்பாசிரியர் பொறுப்பு. அடிக்கடி விடுப்பு எடுப்பவர் வீட்டுக்கு நானே போவேன்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள் மட்டும் வருவதில்லை. அது ஊர்ச் சந்தை நாள். “அன்னிக்கு நான் காய் விக்கப் போனாத்தான் சார் அடுப்பெரியும். சின்னவன யாருகிட்ட விட்டுட்டுப் போறது?” என்றார் அவள் அம்மா. அந்தச் சின்னவனுக்கு இரண்டரை வயது. பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினராக இருந்த ஓர் அம்மா அங்கன்வாடியில் பேசி அவனைச் சேர்த்துவிட்டார். அடுத்த சந்தை நாளில் அந்த மாணவி வகுப்பில் இருந்தாள். அவளைக் கண்டித்திருந்தால் ஒரு பயனும் இருந்திருக்காது.

ஊரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

கல்வி உரிமைச் சட்டம், 2009 பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. தீர்மான நோட்டை வீட்டுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்குவதோடு அந்தக் குழுவின் வேலையை முடித்துவிடாதீர்கள். கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதை அம்மாக்கள்தாம் முதலில் சொல்வார்கள். காமராஜர் ஆட்சியில் கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் மூலம் ஊர்மக்களையே பள்ளிக்குக் கட்டடமும் மேசை நாற்காலியும் கொடுக்க வைத்தார். ஊர் தன்னுடையது என்று நினைக்கும் பள்ளிக்குப் பாதுகாப்பு தானாக வரும்.

சக ஆசிரியர்களை மதியுங்கள்

நேற்றுவரை பக்கத்தில் அமர்ந்து டீ குடித்தவர்களுக்கு இன்று நீங்கள் மேலதிகாரி. பாடவேளை அட்டவணையில் பாரபட்சம் காட்டாதீர்கள். மதிய வெயிலில் வரும் கடைசிப் பாடவேளையை ஒருவருக்கே ஒதுக்கிவிடக் கூடாது. குறையைத் தனியாக அழைத்துச் சொல்லுங்கள். பாராட்டைக் காலை வணக்கக் கூட்டத்தில் சொல்லுங்கள். பிள்ளைகளை அடிப்பதும் மனம் புண்படப் பேசுவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டவை. இதில் மட்டும் யாருக்கும் விதிவிலக்குத் தராதீர்கள்.

ஒரு வகுப்பை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்

கூட்டம், ஆய்வு, அறிக்கை என்று நாள் ஓடிவிடும். அதற்கு நடுவிலும் பிளஸ் டூ வேதியியல் பாடத்தை நான் விட்டதில்லை. மாவட்டக் கூட்டம் வந்தால் பாடவேளையை மாற்றிக்கொள்வேன். பாடநூலில் எந்த இடத்தில் பிள்ளைகள் திணறுகிறார்கள் என்பது வகுப்பெடுப்பவருக்குத்தான் தெரியும். தானே பாடம் நடத்துகிற தலைமை ஆசிரியர் கற்பித்தல் பற்றிச் சொன்னால் ஆசிரியர்களும் காது கொடுத்துக் கேட்பார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வெளியூர்ப் பணியிடம் என்பதற்காக, தகுதியுள்ள பலர் பதவி உயர்வைத் துறந்துவிடுகிறார்கள். ஆசிரியைகளில் இப்படிச் செய்பவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். குடும்பத்தாரோடு உட்கார்ந்து பேசுங்கள், முடிந்தவரை ஏற்றுக்கொள்ளுங்கள். ஓய்வு பெறச் சில மாதங்கள் இருக்கும்போது அந்தப் பதவி கிடைத்தால், ஒரு பள்ளியை மாற்ற நேரம் போதாது. அக்கறையுள்ள ஆசிரியர்கள் இன்னும் வயதும் தெம்பும் இருக்கும்போதே அந்த நாற்காலிக்கு வர வேண்டும்.