சுறா பார்க்கப் போகும் படகு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தென்னாப்பிரிக்காவின் தென்கோடியில் கான்ஸ்பாய் என்று ஒரு மீன்பிடி ஊர். கேப் டவுனிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம். அதை அடுத்த க்ளைன்பாய் துறையில், விடிந்ததும் டிராக்டர்கள் படகுகளைச் சரிவில் இழுத்துப் போய்க் கடலில் இறக்குகின்றன. அவை மீன் பிடிக்கப் போகும் படகுகள் அல்ல. ஒரு கூண்டையும் இருபது முப்பது பயணிகளையும் சுமந்துகொண்டு சுறா பார்க்கப் போகிறவை. இவற்றைப் பற்றி நாம் தொலைக்காட்சியிலும் யூடியூபிலும் பார்த்துச் சேர்த்துவைத்த நம்பிக்கைகளில் சில வெறும் மிகை. சில, சுறாவின் உயிருக்கே கேடாக முடிபவை.

"கடலில் ரத்தமும் இறைச்சியும் கொட்டுகிறார்கள். மைல் கணக்கான தூரத்திலிருந்து சுறாக்கள் வெறிபிடித்து வருகின்றன."

கொட்டுவது மீன்கூழ். மத்தி போல எண்ணெய் மிகுந்த மீன்களை அரைத்து, கடல்நீரில் கரைத்து, படகின் பின்புறமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிறார்கள். நங்கூரம் போட்டது முதல் எடுக்கும் வரை ஒரு பணியாளுக்கு இதுதான் வேலை. கை ஓய்ந்தால் வாசனையின் தடம் அறுந்துபோகும். அந்த வாசனையும் எட்டுத் திசைக்கும் பரவுவதில்லை. நீரோட்டம் போகும் பக்கம் மட்டுமே போகும். எதிர்ப்பக்கம் நீந்தும் சுறா அருகிலேயே இருந்தாலும் அதற்கு அந்த வாசனை எட்டாது. அதனால்தான் காற்றையும் ஓட்டத்தையும் பார்த்து எங்கே நங்கூரம் போடுவது என்று முடிவு செய்யும் படகோட்டியின் அனுபவத்துக்கு அத்தனை மதிப்பு.

பிறகு காத்திருக்க வேண்டும். அரை மணி நேரம் ஆகலாம், இரண்டு மணி நேரமும் ஆகலாம். சில நாட்களில் எதுவும் வராமலே திரும்புவார்கள். மீன் நாற்றம், டீசல் புகை, ஆட்டம், குமட்டல், கண் கூசும் வெயில். படகு வாழ்க்கையின் பெரும்பகுதி இதுதான். படங்களில் வெட்டி எறியப்படுவதும் இதுதான்.

சுறா வந்துவிட்டாலும் பாய்ந்து வருவது அபூர்வம். நிழல் போலக் கீழே ஒரு சுற்று வரும், காணாமல் போகும், எதிர்பாராத பக்கத்திலிருந்து மீண்டும் வரும். கயிற்றில் கட்டிய சூரைத் தலையோடு நிற்பவருக்கு இப்போது வேலை தொடங்குகிறது. சுறாவுக்கு வேண்டுமென்றே உணவு கொடுப்பது அங்கே அனுமதி விதிகளுக்கு மாறானது. எனவே சுறா வாய் திறக்கும் முன் கயிற்றை இழுத்துவிட வேண்டும். சீக்கிரமே இழுத்தால் அது ஆர்வம் இழந்து போய்விடும். தாமதித்தால் இரை போய்விடும். கூண்டை நோக்கி நேராக இழுத்தாலோ சுறா கம்பியில் மோதிக் காயப்படும். இந்த மூன்றுக்கும் நடுவே மணிக்கணக்கில் நிற்கும் அந்தக் கயிற்றுக்காரரைத்தான் படகிலேயே பெரிய கைத்தேர்ச்சி உள்ளவர் என்பேன். எந்தக் காணொளியிலும் அவர் முகம் தெரிவதில்லை.

"கூண்டு ஆழத்துக்கு இறங்கும். சிலிண்டர் மாட்டவும் நீந்தவும் தெரிந்திருக்க வேண்டும்."

கான்ஸ்பாயில் கூண்டு படகின் பக்கத்தோடு சேர்த்துக் கட்டியே இருக்கும். அதன் மேல்பகுதி நீருக்கு வெளியே நிற்கும். ஐந்தாறு பேர் வரிசையாக உள்ளே இறங்கித் தலையை வெளியே வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். "டவுன்!" என்று மேலிருந்து குரல் வந்ததும் மூச்சைப் பிடித்து உள்கம்பியைப் பற்றிக்கொண்டு அமிழ வேண்டும், அவ்வளவே. ஆழத்துக்கு இறங்கும் கூண்டு வேறிடத்தில் உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவின் நெப்டியூன் தீவுகளில், முறையாக முக்குளிப்பு பயின்றவர்களைக் கடலடி வரை இறக்குகிறார்கள். சுற்றுலாக் கூண்டு பிறந்ததும் அந்தப் பகுதியில்தான். 1963ல் வெள்ளைச் சுறாவிடம் கடிபட்டு, நூற்றுக்கணக்கான தையல்களோடு பிழைத்த ரோட்னி ஃபாக்ஸ்தான் அதைத் தொடங்கிவைத்தார். பிற்காலத்தில் அவர் சுறாக்களின் பாதுகாப்புக்காகப் பேசுபவராகவும் ஆனார்.

கோடையில் போனால் தண்ணீர் இதமாக இருக்கும் என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு சொல். அங்கே கோடையில் வீசும் தென்கிழக்குக் காற்று மேல்நீரைத் தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். தடித்த ரப்பர் உடைக்குள்ளும் பல் கிட்டும்.

"அந்தப் படகில் ஆபத்து என்றால் சுறாதான்."

2008 ஏப்ரலில் கான்ஸ்பாய்க்கு அருகே நங்கூரமிட்டிருந்த ஒரு கூண்டுப் படகைப் பேரலை ஒன்று கவிழ்த்தது. சுற்றுலாப் பயணிகள் மூன்று பேர் இறந்தார்கள். இரண்டு அமெரிக்கர்கள், ஒரு நார்வேக்காரர். அவர்களைக் கொன்றது கடல். சுறாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தென்பெருங்கடலிலிருந்து புறப்பட்டு வரும் அலைகள் அந்தக் கரையின் பாறைமேடுகளில் திடீரென எழும். தினமும் காலையில் "இன்றைக்குப் போகலாமா?" என்று படகோட்டி எடுக்கும் முடிவில்தான் அத்தனை உயிர்களும் இருக்கின்றன. பயணம் ரத்து என்றால் பயணிகள் முணுமுணுக்கிறார்கள். அப்படி ரத்து செய்கிறவரை நம்பித்தான் மறுநாள் ஏற வேண்டும்.

"சுறா மனிதனைத் தின்னத் தேடித் திரிகிறது."

கான்ஸ்பாய்க்கு அருகே, டயர் தீவுக்கும் கெய்சர் பாறைக்கும் நடுவிலுள்ள கால்வாயைச் 'சுறாச் சந்து' என்பார்கள். பாறையில் ஏறத்தாழ 60,000 கடல்நாய்கள் வாழ்கின்றன. சுறா அங்கே தேடுவது அவற்றைத்தான். அதே தண்ணீரில், கிழக்காசியச் சந்தைக்காக அபலோன் சிப்பியைத் திருட்டுத்தனமாக எடுப்பவர்கள் கூண்டு எதுவும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் மூழ்கிவருகிறார்கள். சுறா மனிதனைத் தேடித் திரிந்திருந்தால் அந்தத் தொழில் ஒரு பருவம்கூடத் தாங்கியிருக்காது. உலகம் முழுவதும் மனிதர் சீண்டாமலே சுறா கடித்த நிகழ்வுகள் ஆண்டுக்குச் சுமார் 60, 70 பதிவாகின்றன. இறப்பவர்கள் பெரும்பாலும் பத்துப் பேருக்குள். மனிதர்கள் கொல்லும் சுறாக்களோ ஆண்டுக்குப் பத்துக் கோடி அளவில் இருக்கும் என்று 2013ல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

"இந்தப் படகுகள்தான் சுறாவை மனிதன் பக்கம் பழக்குகின்றன."

இதை ஒரேயடியாகத் தள்ள எனக்கு மனமில்லை. நெப்டியூன் தீவுகளில் படகுகள் பெருகியபோது சுறாக்கள் அங்கே கூடுதல் நாட்கள் தங்கியதை ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். அதன் பிறகே படகு போகும் நாட்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. நியூசிலாந்தின் ஸ்டூவர்ட் தீவில், சிப்பி எடுக்க மூழ்குபவர்கள் தங்கள் உயிருக்கு அஞ்சித் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தினமும் அந்தக் கடலில் இறங்குகிறவர்களின் அச்சம் அது, அலட்சியப்படுத்தக் கூடாதது. ஆனால் சுறா படகருகே சற்று அதிகம் தங்குவது ஒன்று, கரையில் குளிப்பவரைத் தேடி வருவது வேறு. முன்னதற்குச் சான்று இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு பின்னதையும் நிரூபித்ததாகச் சொல்ல முடியாது.

"கூண்டு இருப்பதால் யாருக்கும் சேதமில்லை."

மனிதனுக்குச் சரி. சுறாவால் பின்னோக்கி நீந்த முடியாது. இரையை நோக்கிப் பாய்ந்து தலை கம்பிகளுக்கு நடுவே புகுந்துவிட்டால் அது முன்னேதான் முண்டும். மெக்சிகோவின் குவாடலூப் தீவில் 2019ல் ஒரு வெள்ளைச் சுறா அப்படித்தான் சிக்கி, திமிறி, ரத்தம் சிந்தியபடி ஆழத்தில் மறைந்தது. 2023 ஜனவரியில் அந்நாட்டு அரசு அங்கே சுறாச் சுற்றுலாவையே மூடியது. கம்பி இடைவெளியும் கயிற்றுக்காரரின் கையும் இதனால்தான் இத்தனை முக்கியம்.

"கான்ஸ்பாய் போனால் வெள்ளைச் சுறாவைப் பார்த்துவிடலாம்."

அதிகம் பேர் நம்பி ஏமாறுவது இதில்தான். 2017ல் அந்தக் கரையில் வெள்ளைச் சுறாக்களின் உடல்கள் ஒதுங்கத் தொடங்கின. கிழிந்த உடல்கள் பெரும்பாலானவற்றில் ஈரல் இல்லை. பெரும்பாலும் 'போர்ட்', 'ஸ்டார்போர்ட்' என்று பெயரிடப்பட்ட இரண்டு ஆண் ஓர்காக்களின் (கொலைகாரத் திமிங்கலங்களின்) வேலை அது. ஒன்றின் முதுகுத்துடுப்பு இடப்பக்கமும் மற்றதன் துடுப்பு வலப்பக்கமும் சாய்ந்திருக்கும். 2022ல் வந்த ஆய்வுக் கட்டுரை, ஒதுங்கிய எட்டுச் சுறாக்களில் ஏழுக்கு ஈரல் இல்லை என்றது. உயிரோடிருந்தவை அந்தப் பகுதியை விட்டே விலகின. பழி முழுவதையும் ஓர்காவின் மேல் போட முடியாது என்கிற ஆய்வாளர்களும் உண்டு. வெள்ளைச் சுறாவுக்கு 1991லேயே சட்டப் பாதுகாப்பு தந்த முதல் நாடு தென்னாப்பிரிக்கா. ஆனால் 1952ல் டர்பனில் தொடங்கிய சுறா வலைகள் அதன் பிறகும் குவாசுலு-நடால் கரையில் வெள்ளைச் சுறாவைக் கொன்றுகொண்டிருந்தன. சிறு சுறாக்களைக் குறிவைக்கும் தூண்டில் படகுகள் அதன் இரையையும் அள்ளிப்போயின.

இன்று அந்தப் படகுகளின் கூண்டருகே பெரும்பாலும் வருவது வெண்கலச் சுறா என்னும் வேறு இனம். அதுவும் பார்க்க வேண்டிய உயிர்தான். விளம்பரத்தில் இன்னும் பாய்ந்துகொண்டிருப்பது மட்டும் வெள்ளைச் சுறா. எனவே பணம் கட்டும் முன் "போன மாதம் எந்தச் சுறா வந்தது, எத்தனை நாள் எதுவும் வரவில்லை?" என்று கேளுங்கள். பல படகுகளில் ஆய்வாளர் ஒருவர் உடன் வந்து, எந்த இனம், எத்தனை, எவ்வளவு நீளம் என்று பயணம்தோறும் எழுதிவைக்கிறார். முதுகுத்துடுப்பின் பின்விளிம்பில் உள்ள வெட்டுகளைப் படமெடுத்து, முன்பு வந்த சுறாவா புதியதா என்றும் கண்டுபிடிக்கிறார். அந்தக் குறிப்பேட்டைத் திறந்து காட்டத் தயங்காத படகில் ஏறுங்கள்.