வண்டியில் ஒட்டும் எழுத்து

நம் பாலாறு சோதனைச் சாவடியில் சற்று நில்லுங்கள். மேட்டூரிலிருந்து வண்டிகள் வருகின்றன. மாதேஸ்வரன் மலைக்கும் கொள்ளேகாலுக்கும் மைசூருக்கும் போகின்றன. பல வண்டிகளில் கடையின் பெயர் இருக்கிறது. இப்போது நீங்களே அதைப் படிக்கலாம். சில பெயர்கள் பளிச்சென்று இருக்கின்றன. சில வெளுத்து, ஓரம் கிழிந்து தொங்குகின்றன. ஏன்?

முன்பு பெயிண்டர் தூரிகையால் எழுதினார். இப்போது வினைல் தாளில் அச்சடித்து ஒட்டுகிறார்கள். வினைல் என்பது பி.வி.சி. பிளாஸ்டிக். தண்ணீர்க் குழாயும் பி.வி.சி.யில்தான் செய்கிறார்கள். பக்கத்து மேட்டூரில் 1967இல் பி.வி.சி. ஆலை தொடங்கியது.

காய்கறி வண்டி வாங்கிய அக்கா ஒருவர் ஸ்டிக்கர் கடைக்குப் போனார்.

“எத்தனை நாள் தாங்கும், தம்பி?”

“தாளைப் பொறுத்ததுங்க அக்கா. காலண்டர்டு தாள் விலை குறைவு. உருளைகளுக்கு நடுவே அழுத்திச் செய்வது. வெயிலில் சுருங்கும். தட்டையான இடத்துக்கு ஆகும். காஸ்ட் தாள் விலை அதிகம். கூழாக ஊற்றிக் காயவைப்பது. மெல்லியது. வளைவிலும் படியும். பல வருஷம் உழைக்கும்.”

“மேலே பளபளப்பாக இருக்கிறதே?”

“அது லேமினேஷன். மை வெளுக்காமல், கீறல் விழாமல் காக்கும்.”

“சரி. காஸ்ட் தாள், லேமினேஷனோடு போடுங்கள். பில்லில் எழுதுங்கள்.”

பில் வந்தது. அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார். லேமினேஷன் என்ற சொல் அதில் இல்லை. கேட்டார். கடைக்காரர் எழுதிக் கொடுத்தார். பிறகுதான் அக்கா பணம் கொடுத்தார்.

நினைவில் வையுங்கள்

1. காறை உதிர்ந்த சுவரில் சுண்ணாம்பு நிற்காது. துருவிலும் உரிந்த பெயிண்டிலும் தாள் நிற்காது. முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.
2. வண்டியை சோப்பு நீரால் கழுவி, நன்றாகக் காயவிட்டு ஒட்ட வேண்டும்.
3. கூரையில் வெயில் நேராக விழும். அங்கே சீக்கிரம் வெளுக்கும். பக்கவாட்டில் பெயர் போடுங்கள்.
4. சொல் குறைவாக இருக்கட்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும். 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம் என்பது கணக்கு. தமிழும் கன்னடமும் இருந்தால் இரு பக்கத்தாரும் படிப்பார்கள்.
5. நம்பர் பலகை, விளக்கு, கண்ணாடி, ஒளிரும் பட்டை ஆகியவற்றை மறைக்கக் கூடாது. வண்டியின் நிறமே மாறினால் ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும்.
6. கழுவும்போது தாளின் ஓரத்தில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சாதீர்கள்.

விடை கூறுங்கள்

1. வளைவான இடத்துக்கு எந்தத் தாள் நல்லது?
2. அக்கா பில்லைப் படிக்காமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும்?
3. உங்கள் கடை வண்டிக்கு ஒரு பெயர் எழுதுங்கள். 20 அடி தூரத்தில் படிக்க எழுத்து எத்தனை அங்குலம் இருக்க வேண்டும்?