இலவச ஆய்விதழ்கள்: கொடுப்பவர் கணக்கு

கேள்வி: ஏழை நாடுகளுக்கு மருத்துவ ஆய்விதழ்களை இலவசமாகத் தருகிறார்களாமே, பதிப்பகங்களுக்கு அதில் என்ன லாபம்? (வாசகர், திருச்சி)

பதில்: ஹினாரி திட்டத்தைக் கேட்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனமும் ஆறு பெரிய பதிப்பகங்களும் 2001-இல் ஒப்புக்கொண்டு, 2002 ஜனவரியில் அதைத் தொடங்கின. மிக ஏழை நாடுகளுக்கு இலவசம். அதற்கு அடுத்த நிலையில் உள்ளவற்றுக்குக் குறைந்த கட்டணம். வேளாண்மைக்கு அகோரா என்பதுபோல் பின்னர் கிளைகளும் வந்தன.

லாபம் என்பதைவிட நஷ்டம் இல்லை என்பதே சரி. சந்தா கட்டவே வழியில்லாத நாட்டில் சும்மா கொடுத்தால் விற்பனை குறையப்போவதில்லை. மின்னிதழுக்குத் தாள் செலவோ தபால் செலவோ கிடையாது. நல்ல பெயர் தனி வரவு!

விற்பனைக்கு வாய்ப்புத் தெரிந்தால் கதையே வேறு. 2011 ஜனவரியில் வங்கதேச நூலகங்களுக்குச் சில பதிப்பகங்கள் 2,500-க்கும் மேற்பட்ட இதழ்களை நிறுத்தின. அங்கே காசு கொடுத்து வாங்க ஆள் கிடைத்துவிட்டார்கள் என்பதுதான் காரணம். மருத்துவ இதழ்களிலேயே கண்டனம் கிளம்பியதும் பின்வாங்கினார்கள். இந்தியாவோ, தனிநபர் வருமானப்படி தகுதி இருந்தும், தொடக்கத்திலேயே சேர்க்கப்படவில்லை. இங்கே சந்தா வியாபாரம் அப்போதே நன்றாக நடந்தது.

அதற்காகத் திட்டத்தைப் பழிக்க மாட்டேன். கட்டுரையைப் படிக்கவே முடியாமல் இருந்த ஆப்பிரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் எந்த நாடு எப்போது வெளியேற வேண்டும் என்பதில், வாங்கிக்கொள்ளும் நாட்டு நூலகருக்கும் ஒரு வாக்கு இருந்திருக்க வேண்டும்.