பச்சையெல்லாம் காடல்ல: ஊவா மலைகளைப் பற்றிய ஐந்து நம்பிக்கைகள்

தோட்டத்துக்கு மரநடுகைத் திட்டம் ஒன்று வந்தால் எல்லோரும் கேட்பது, எத்தனை கன்று என்றுதான். தாவரச் சூழலியல் படித்தவர்கள் கேட்பது வேறு: எந்தச் சரிவில், என்ன இனம், அதற்குக் கீழே யாருடைய ஊற்றுநீர்ப் பீலி? காலநிலை மாறிவரும் இந்நாட்களில் ஊவாவின் பதுளை மாவட்டத்துக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

நம்பிக்கை 1: மானாப்புல் மேடு தரிசு. மரம் வைத்தால்தான் நிலம் உருப்படும்.

உண்மை: வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்துப் பத்தனை எனும் மலைப் புல்வெளிகளில் எத்தனையோ புல்லும் பூண்டும் உண்டு. இலங்கைப் பத்தனைகளைப் பற்றித் தாவரவியலாளர் பியர்சன் 1899இலேயே தனி ஆய்வு எழுதினார். காட்டை எரித்ததால் வந்த புல்லா, இயல்பாக வளர்ந்ததா என்ற விவாதம் பழையது. ஊவாவின் உலர் பத்தனைகளில் தீயின் பங்கு பெரிது. ஆனால் மலைநாட்டுக்குப் புல் புதிய விருந்தாளி அல்ல. ஹோர்ட்டன் சமவெளியின் சதுப்பில் புதைந்திருந்த மகரந்தத்தை ஆராய்ந்தவர் ரத்னசிறி பிரேமதிலக. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முந்திய வறண்ட காலத்தில் அங்கே புல்லும் வறள்நிலச் செடிகளும் இருந்தன என்றும், பருவமழை வலுத்தபின்பே மழைக்காடு பரவியது என்றும் அவர் ஆய்வு காட்டியது. மழை மாறினால் மலையின் உடுப்பும் மாறும்.

நம்பிக்கை 2: எந்த மரமானாலும் ஊற்றைப் பெருக்கும்.

உண்மை: நீலகிரியின் கிளன்மார்கனில் புல்வெளி நீரேந்து பகுதி ஒன்றில் 1972இல் நீலயூக்கலிப்டஸ் நட்டு, அப்படியே விட்டுவைத்த பக்கத்துப் பகுதியோடு ஒப்பிட்டு அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் ஓடைநீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் மீண்டும் தளிர்த்த இரண்டாம் சுற்றில் குறைவு 25 சதவீதமானது. ஊவாவுக்கு இது சின்ன விஷயமல்ல. தென்மேற்குப் பருவமழை மலையின் மறுபக்கத்தில் கொட்டித் தீர்ந்துவிட, ஜூன் முதல் செப்டெம்பர் வரை இங்கே வறண்ட கச்சான் காற்றுத்தான் இறங்குகிறது. பீலி மெலியும் அந்த மாதங்களிலும் தோட்டங்களில் ‘டர்பன்டைன்’ எனப்படும் யூக்கலிப்டஸ் மரத்தின் வேர் குடித்துக்கொண்டேயிருக்கும்.

நம்பிக்கை 3: அப்படியானால் மலைகளில் நட்டிருக்கும் பைனஸ் மரங்களை எல்லாம் உடனே வெட்டித் தள்ள வேண்டும்.

உண்மை: பைனஸ் சருகு எளிதில் மக்காது, சுலபமாகத் தீப்பிடிக்கும் என்ற குறை சரியானதே. ஆனால் செங்குத்தான சரிவை ஒரேயடியாக மொட்டையடித்தால் அடுத்த மழையில் மண் போய்விடும். பேராதனைப் பல்கலைக்கழகச் சூழலியலாளர்கள் நிமல் குணதிலக, சாவித்திரி குணதிலக ஆகியோரும் மார்க் ஆஷ்டனும் 1990களில் சிங்கராஜ வன ஓரத்தில் வேறு வழி பார்த்தார்கள். பைனஸ் வரிசைகளை இடையிடையே அகற்றி, அந்த இடைவெளியில் நாட்டு மரக்கன்றுகளை நட்டார்கள். மூன்று வரிசைகளை எடுத்த இடத்தில் பெரும்பாலான இனங்கள் நன்றாக வளர்ந்தன. சிங்கராஜ ஈரவலயம், அங்கே வளர்ந்த இனங்களை அப்படியே ஊவாவுக்குக் கொண்டுவர முடியாது. படிப்படியாக மாற்றும் முறையை எடுத்துக்கொள்ளலாம்.

நம்பிக்கை 4: காபனீரொட்சைட்டு கூடினால் தேயிலை செழிக்கும்.

உண்மை: பாதி சரி. எம். ஏ. விஜேரத்ன, ஏ. ஆனந்தகுமாரசுவாமி முதலியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், காற்றில் அந்த வாயுவைப் பத்து இலட்சத்தில் 600 பங்காக உயர்த்தியபோது விளைச்சல் மூன்றில் ஒரு பங்களவு கூடியது. ஆனால் தேயிலைக்கு உகந்த வெப்பம் சுமார் 22 பாகை செல்சியஸ் என்றும், மாத மழை 100 மில்லிமீற்றர் குறைந்தால் ஹெக்டயருக்கு ஏறத்தாழ 30 முதல் 80 கிலோ வரை தேயிலை இழப்பு என்றும் அதே ஆய்வு சொல்கிறது. வெப்பம் கூடி மழை குறைந்தால், மேல்நாட்டு ஈரவலயம் தவிர்ந்த பல இடங்களில் விளைச்சல் சரியும் என்பதே அதன் முடிவு. கச்சான் மாதங்களின் அளவான வாட்டம் ஊவாத் தேயிலைக்குப் பேர்போன மணத்தைத் தருகிறது. அளவு மீறினால் கொழுந்தே வராது. கொழுந்து இல்லாத நாளில் முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி, எங்கிருந்து வரும்?

நம்பிக்கை 5: மரம் நின்றால் மலை சரியாது.

உண்மை: வேர் கட்டிப்பிடிப்பது மேல்மண்ணைத்தான். பெருமழை நீர் ஆழத்தில் தேங்கி, சிதைந்த பாறைப் படையோடு சரிவு நழுவும்போது மரமும் சேர்ந்தே வரும். 2014 ஒக்டோபர் 29இல் மண்ணுக்குள் புதைந்த கொஸ்லந்தை மீரியபெத்த, அபாயப் பகுதியென்று முன்பே அடையாளம் காணப்பட்ட இடம். அங்கே குறைவாயிருந்தது மரமல்ல, மக்களுக்குப் பாதுகாப்பான மாற்றுக் காணி. வடிகான்களைத் துப்புரவாக வைத்திருப்பது உதவும். நிலத்தில் புதிய வெடிப்பு கண்டாலோ, மரம் சாய்ந்தாலோ, பீலித் தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ லயத்தைவிட்டு வெளியேறத்தான் வேண்டும்.