மழைக்கு முன் மெயின் பெட்டியை அளந்து பாருங்கள்

புரட்டாசி முடியப்போகிறது. ஐப்பசி பிறந்த கையோடு வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். சென்னை வட்டாரத்தில் வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, முடிச்சூர், பெரும்பாக்கம் பக்கம் தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கும், கீழே கார் நிறுத்த இடம் விட்டுக் கட்டிய அடுக்குமாடிகளின் சங்கச் செயலாளர்களுக்கும் இதை எழுதுகிறேன். முதலில் ஒரு அளவு டேப்பை எடுத்துக்கொண்டு போய், உங்கள் மெயின் சுவிட்சும் எம்சிபி பெட்டியும் தரையிலிருந்து எத்தனை அடியில் இருக்கின்றன என்று பார்த்துவிட்டு வாருங்கள். பெட்டியின் அடி விளிம்பு வரை அளக்க வேண்டும், மேல் விளிம்பை அல்ல.

நம் ஊர் வயர்மேன்கள் வழக்கமாகக் கையாளும் அளவு இது: பெட்டியின் அடிப்பக்கம் தரையிலிருந்து 1.25 மீட்டருக்குக் கீழே வரக் கூடாது, அதாவது சுமார் 4 அடி. பெட்டி 2 மீட்டருக்கு மேலேயும் போகக் கூடாது, அதாவது ஆறரை அடி. சிறு குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது, பெரியவர்கள் ஸ்டூல் போடாமல் எட்ட வேண்டும் என்பது இதன் கணக்கு. முன்பக்கம் முழுக்க மூடும் கதவு இருந்தால் பெட்டியை இன்னும் தாழ்வாக வைக்கலாம் என்று ஒரு விலக்கும் உண்டு. கட்டிக்கொடுப்பவர்கள் பலரும் இந்த விலக்கைப் பிடித்துக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் மூன்றடி உயரத்தில் பெட்டியை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கதவு குழந்தையின் கையைத் தடுக்கும். தண்ணீரைத் தடுக்காது.

இரண்டாவதாக ஒரு அளவு இருக்கிறது, அது எந்தத் தரநூலிலும் கிடைக்காது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது? சுவரில் சுண்ணாம்பு அடித்துவிட்டீர்கள் என்றால் பக்கத்து வீட்டு மதில், டிரான்ஸ்ஃபார்மர் மேடை, பழைய ஷட்டர் கதவு என்று எங்காவது அந்தக் கோடு இன்னும் இருக்கும். அதற்கு மேல் குறைந்தது ஒன்றரை, இரண்டு அடி விட்டுப் பெட்டியை வையுங்கள். பழைய கோடே போதும் என்று உட்கார்ந்துவிட வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது, அப்படியொரு மழைக்குப் பழைய கோடு எதுவும் கணக்கில்லை.

கோடே நாலடியில் இருக்கிறது என்றால் அதே சுவரில் மேலே ஏற்றிப் பயனில்லை. ஆறரை அடிக்கு மேல் போனால் ஈரத் தரையில் ஸ்டூல் போட்டு ஏறுவீர்கள். அப்படியானால் பெட்டியை முதல் மாடிப் படிக்கட்டின் திருப்பத்துக்கு, மழைச்சாரல் படாத சுவருக்கு மாற்றுங்கள். வேண்டியது இதுதான்: தெருவில் தண்ணீர் நிற்கும்போதும் உலர்ந்த தரையில் நின்றுகொண்டு மெயினை அணைக்க முடிய வேண்டும்.

இதை இத்தனை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. போன மழையில் ஒரு வீட்டுக்குப் போனேன். பெரியவர் ஒருவர் முழங்கால் தண்ணீரில் நின்று, குடையின் காம்பால் மெயின் லீவரைத் தள்ளப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியின் அடி விளிம்பை அலை தொட்டுத் தொட்டு விலகியது. குடைக்காம்பின் பிளாஸ்டிக் பிடி அவர் கையில் இருந்தது, பிடிக்குள்ளிருந்து இரும்புக் கம்பி பெட்டியை நோக்கி நீண்டிருந்தது. சத்தம் போட்டு நிறுத்தினேன். “ரப்பர் செருப்பு போட்டிருக்கேன் சார்” என்றார். செருப்புக்கு மேல் ஒரு முழம் தண்ணீர்! அது எதைக் காப்பாற்றும்?

தண்ணீரில் நின்று மெயினைத் தொடாதீர்கள். குச்சியால் தொடாதீர்கள். துடைப்பக்கட்டையால் தொடாதீர்கள். பிளாஸ்டிக் நாற்காலியைத் தண்ணீருக்குள் போட்டு, அதன்மேல் ஏறி நின்றும் தொடாதீர்கள். ஒவ்வொரு வருடமும் சொல்கிறோம், ஒவ்வொரு வருடமும் “ஒரே நிமிஷம்தானே” என்று இறங்குகிறார்கள். வாசல் படியில் தண்ணீர் ஏறும்போதே அணைத்துவிட்டால் அந்த நிமிஷமே தேவைப்படாது. பிந்திவிட்டீர்களா? பெட்டியை மறந்துவிட்டு வெளியே வாருங்கள், மின்வாரியத்தின் மின்னகம் சேவை மையத்துக்கு 94987 94987 எண்ணில் சொல்லுங்கள், தெருவிலேயே இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள்.

மெயினை அணைத்துவிட்டால் எல்லாம் செத்துவிட்டது என்று நினைப்பதும் தவறு. சர்வீஸ் வயர், மீட்டர், அதன் பக்கத்து ஃபியூஸ் கட்டை ஆகியவற்றில் மெயின் அணைந்த பிறகும் கரண்ட் இருக்கும். மீட்டர் பலகை தண்ணீருக்குள் போனால் உங்கள் சுவிட்சால் ஒன்றும் ஆகாது. இன்வெர்ட்டரோ ஈபி போனவுடனே தானாக வேலையைத் தொடங்கிவிடும். அதன் சுவிட்சையும் தனியாக அணைக்க வேண்டும்.

மற்ற வேலைகள்: மின்கசிவு வந்தால் தானாக விழும் டிரிப்பர் (ஆர்சிசிபி) இல்லாத வீட்டில் 30 மில்லி ஆம்பியர் அளவில் ஒன்று போடுங்கள், எம்சிபி மட்டும் மனிதனைக் காப்பாற்றாது. இருக்கிற வீட்டில் அதன் ‘டி’ (டெஸ்ட்) பொத்தானை அமுக்கிப் பாருங்கள், விழாவிட்டால் மாற்றுங்கள். தரையை ஒட்டிய பிளக்குகளைத் தனி எம்சிபியில் கொண்டுவாருங்கள், தெருவில் தண்ணீர் சேரத் தொடங்கும்போதே அவற்றை மட்டும் அணைத்துவைக்கலாம், வாசல் படியில் ஏறினால் மெயினைத்தான் அணைக்க வேண்டும். சம்ப் மோட்டார் ஸ்டார்ட்டரை உயர்த்துங்கள். மொட்டைமாடியிலிருந்து இறங்கும் வயர் பைப் பெட்டியின் தலையில் நுழைந்தால் மழைத்தண்ணீர் அதன் வழியாகவே உள்ளே இறங்கும். அதை அடிப்பக்கம் வளைத்து நுழைக்கச் சொல்லுங்கள். குளியலறைச் சுவரின் மறுபுறம், தண்ணீர்க் குழாய்க்குக் கீழே பெட்டி வேண்டாம். எர்த் கம்பி துருப்பிடித்துத் தொங்குகிறதா பாருங்கள்.

பெட்டியை மாற்ற உரிமம் உள்ள வயர்மேன் போதும். மீட்டரை நகர்த்த மின்வாரிய அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். மீட்டர் சீலை நீங்களே உடைக்காதீர்கள், வயர்மேன் உடைக்கிறேன் என்றாலும் விடாதீர்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு, வெயில் அடித்ததும் மெயினைப் போட்டுப் பார்க்கும் ஆசை வரும். முங்கிய எம்சிபிக்குள் சேறு போயிருக்கும், வெளியே துடைத்தால் போகாது. தலை காய வைக்கும் ட்ரையரால் அதை உலர்த்திவிட்டு அப்படியே பயன்படுத்திய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். முங்கிய எம்சிபி, ஆர்சிசிபி எதுவானாலும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். வயரிங்கை வயர்மேன் 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் இணைப்பு. அந்த நேரத்திலும் தரை காய்ந்திருக்க வேண்டும், கால் காய்ந்திருக்க வேண்டும். தண்ணீரில் நின்று மெயினைத் தொடாதீர்கள் என்பது அணைப்பதற்கு மட்டுமல்ல, போடுவதற்கும்தான்.

தீபாவளிக்கு முந்தின வாரம் வயர்மேனும் கிடைக்கமாட்டார், சுவரை உடைத்துப் பூச மேஸ்திரியும் கிடைக்கமாட்டார். இந்த வாரமே கூப்பிடுங்கள். அடுக்குமாடிச் சங்கங்கள் கூட்டம் போட்டு முடிவெடுக்க மாதமாகும் என்பது எனக்குத் தெரியும். அதனால் மீட்டர் மாற்றும் மனுவை இப்போதே கொடுத்துவிட்டு, கூட்டத்தைப் பிறகு போடுங்கள்.