ஸ்ராஃப் ரிக்கெற்: மிஞ்சுகிற சீற்றுக்கும் போட்டி உண்டு

எயார்லைன் வேலைக்கு இன்டர்வியூ போகிற யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் சம்பளத்துக்கு அடுத்ததாக விசாரிப்பது ஊழியருக்குக் கிடைக்கும் சலுகை ரிக்கெற்றான ஸ்ராஃப் ரிக்கெற்றைத்தான். விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் அதைச் சம்பளத்தோடு கூட்டிக் கணக்குப் போடாதீர்கள்.

1. அது பெரும்பாலும் ஸ்ரான்ட்பை. காசு கொடுத்தவர்கள் ஏறிய பிறகு சீற் மிஞ்சினால்தான் உங்களுக்கு. இதன் கறாரான வடிவம் அமெரிக்க இராணுவத்தின் 'ஸ்பேஸ்-ஏ'. படையினரும் குடும்பத்தினரும் ஓய்வுபெற்றவர்களும் சி-17 போன்ற இராணுவ விமானங்களில் வெற்றிடம் இருந்தால் இலவசமாகப் பறக்கலாம். ஆறு பிரிவுகள்: அவசர விடுப்பில் போகிறவர் முதலாவது, வழக்கமான விடுப்புக்காரர் மூன்றாவது, ஓய்வுபெற்றவர் கடைசி. ஒரே பிரிவுக்குள் முந்திப் பதிந்தவருக்கே இடம். பதிவு 60 நாள்வரை செல்லும் என்பதால், விஷயம் தெரிந்த ஓய்வுநிலைக்காரர் பயணத் திகதியை முடிவு செய்யுமுன்பே பெயரைப் போட்டுவிடுவார். திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பு இராணுவத்துக்கு இல்லை. தன் செலவில் திரும்பக் கையில் காசு வேண்டும்.

2. உங்கள் கம்பெனியின் வரிசையைக் கண்டுபிடியுங்கள். சில இடங்களில் சேவைக்காலம், சில இடங்களில் செக்-இன் நேரம். சேவைக்காலம் என்றால் புதிதாகச் சேர்ந்த நீங்கள்தான் வால். கூட்டமில்லாத நாளைப் பார்த்துப் போங்கள்.

3. லோட், அதாவது எத்தனை சீற் நிரம்பியிருக்கிறது என்று பார்க்கப் பழகுங்கள். ரிசர்வேஷனில் ஒரு நண்பர் இருப்பது பெரிய பலம். பலாலி–சென்னை வழியில் ஓடுவது சின்ன ஏ.ரி.ஆர்.; மிஞ்சுவதே சில சீற்றுகள். எடை கூடினால் காலியான சீற்றுக்கும் ஆள் ஏற்றமாட்டார்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு ஸ்ரான்ட்பையில் வரலாம் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். (2006இல் யுத்தத்தால் ஏ-9 வீதி மூடப்பட்டபின் பலாலியால் பறக்க அனுமதிக்கும் சீற்றுக்கும் காத்துக் கிடந்த தலைமுறை வீட்டிலேயே இருக்கிறது. காத்திருக்கும் கலையை அவர்களிடம் கேளுங்கள்.)

4. மாற்று வழி கையில் இருக்கட்டும். பலாலி தவறினால் கட்டுநாயக்க, அங்கிருந்து இரவு பஸ். லீவின் கடைசி நாளில் ஸ்ரான்ட்பையை நம்பித் திரும்புகிறவர் மறுநாள் சுப்பர்வைசரிடம் கதை சொல்ல வேண்டிவரும். ஒரு நாளை மிச்சம் வையுங்கள்.

5. கவுண்டரடியில்தான் ஆளின் தரம் தெரியும். மூடுகிற நேரத்தில் ஏஜென்ற் பட்டியலை எடுத்து, தலை நிமிர்த்திப் பார்ப்பார். பாஸ்போட்டும் கையுமாகக் கண்ணில் படுகிறவர் ஏறுவார். தேத்தண்ணி குடிக்கப் போனவரின் பெயர் ஒருதரம் கூப்பிடப்படும், பிறகு அடுத்த பெயர். கைப்பை மட்டும் கொண்டுபோங்கள். ஒடியல், மிளகாய்த்தூள், பினாட்டு என்று இரண்டு பெட்டி கட்டினால் கடைசி நிமிடத்தில் அதை யார் ஏற்றுவது? உடுப்பும் முக்கியம்: ரப்பர் செருப்பும் அரைக் காற்சட்டையும் வேண்டாம்.

6. அப்பா அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவர்கள் பறப்பது உங்கள் பெயரில். "என்ர மகன் இஞ்சைதான் வேலை" என்று கவுண்டரில் சத்தம் போட்டால், முறைப்பாடு உங்கள் ஃபைலுக்கு வரும். சலுகையை நிறுத்திவைக்கவும் கூடும். ரிக்கெற்றைக் காசுக்குக் கைமாற்றினால் வேலையே போகலாம்.

7. ஓஃபர் லெட்டரில் கையெழுத்து வைக்குமுன் எச்.ஆரிடம் மூன்று கேள்வி: புரொபேஷனிலேயே கிடைக்குமா? பெற்றோரும் அடக்கமா, கலியாணம் கட்டினால் பட்டியல் மாறுமா? வரியும் சார்ஜும் யார் தலையில்? பதிலை ஈமெயிலில் வாங்குங்கள்.